கடலில் எஃகை அரிக்கும் பாக்டீரியாக்கள்

கடல் வற்றியிருக்கும் நேரத்தில் துறைமுகத்தின் எஃகுத் தகட்டுச் சுவரை உற்றுப் பாருங்கள். தாழ்ந்த நீர்மட்டத்தை ஒட்டி ஆரஞ்சு நிறத் திட்டுகள் இருந்தால் அது எச்சரிக்கை. அந்தத் திட்டை வழித்தால் அடியில் கரிய சேறு. பெரும்பாலும் அழுகிய முட்டை நாற்றம். சேற்றையும் துடைத்தால் குழிகுழியாக, பளபளக்கும் வெற்று உலோகம். அந்தப் பளபளப்பு ஆரோக்கியத்தின் அறிகுறி அல்ல. அரிப்பு இப்போதும் நடக்கிறது என்பதற்கான அடையாளம்.

வழக்கமான துரு

இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து நீரில் கரைகின்றன. நீரில் இருக்கும் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் மின்சாரம் எளிதாகப் பாய்கிறது; இந்தக் கொடுக்கல் வாங்கலும் வேகமெடுக்கிறது. அப்படியும், மூழ்கிய எஃகு ஆண்டுக்குச் சராசரியாக 0.1 மில்லிமீட்டர் அளவில்தான் தேய்கிறது.

ஆக்சிஜன் இல்லாவிட்டால்?

துரு நின்றுவிட வேண்டும். ஆனால் காற்றுப் புகாத மண்ணில் புதைத்த இரும்புக் குழாய்களும் ஓட்டையாகின. அதற்கு சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்களே காரணம் என்று நெதர்லாந்தின் ஃபான் வோல்சோகென் கூரும் ஃபான் டெர் ஃப்ளுக்டும் 1934-இல் விளக்கினார்கள். கடல்நீரில் சல்ஃபேட்டுக்குப் பஞ்சமே இல்லை. இவற்றில் சில இனங்கள் இரும்பிலிருந்து எலக்ட்ரான்களை நேரடியாகவே எடுத்துக்கொள்கின்றன என்று 2004-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

துறைமுகச் சுவரில் இவை தனியாக வேலை செய்வதில்லை. திட்டின் அடியில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில், இவை ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடுகின்றன. மேலே ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. இப்படி இரு வகைப் பாக்டீரியாக்களாலும் தாக்குண்ட எஃகு ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர், சில இடங்களில் அதற்கு மேலும் கரைகிறது. 10 மில்லிமீட்டர் தகடு 20 ஆண்டுகளில் ஓட்டையாகிவிடலாம்; பின்னால் நிரப்பிய மண் அதன் வழியே கடலுக்குள் சரியும்.

என்ன செய்யலாம்?

எஃகோடு துத்தநாகம் அல்லது அலுமினியக் கட்டிகளை இணைத்தால் எஃகுக்குப் பதில் அவை கரையும். 1824-இல் ஹம்ஃப்ரி டேவி கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்கச் சொன்ன வழி இதுதான். நல்ல பூச்சும் உதவும். ஆனால் எந்தக் காப்பும் கண்காணிப்புக்கு ஈடாகாது. சுவரின் மேற்பகுதி எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் ஆபத்து தாழ்ந்த நீர்மட்டத்தில்தான் இருக்கிறது. எனவே கடல் மிகவும் வற்றும் நாட்களில் இறங்கி, திட்டுகளை வழித்து, தகட்டின் தடிமனை அளப்பதைத் துறைமுகப் பராமரிப்பின் கட்டாயப் பணியாக்க வேண்டும்.