குறண்டியார் செய்வித்த திருமேனி

புத்தர் குகைகளைக் காண அஜந்தாவுக்கு ரயிலேறும் நம்மவரிற் பலர், மல்லாங்கிணற்றுக் கரிசலில் மழையற்ற மேகத்தைத் தவிர வேறென்ன உண்டு என்று கேட்கக் கூசுவதில்லை. கோஷ்டியும் வழிகாட்டியுமின்றி அவ்வூரிலிருந்து புறப்பட்டு, மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடிச் சமணமலைக்கு நாம் சென்று வந்தோம். பாறை சுடுமுன் காலையிலேயே ஏறிவிடுதல் நலம்.

செட்டிப்புடவு என்னும் குகையின் வாயிலருகே, முக்குடையின்கீழ் பெரியதோர் உருவம் வீற்றிருக்கிறது. புத்தரென்று கும்பிடுவோர் உண்டு. ஊரார் வாய்மொழியில் அவர் செட்டியார்! முக்குடையோ அவர் சமணத் தீர்த்தங்கரர் என்று சொல்லிவிடுகிறது. உள்ளே, சிங்கத்தின்மீதமர்ந்து யானைமேல் வரும் பகைவனை எதிர்க்கும் இயக்கியின் வேகத்தை எந்த அஜந்தாவுக்கும் ஈடாகச் சொல்வோம்.

எனினும் நம்மை நெடுநேரம் நிறுத்தியது பீடத்திலுள்ள வட்டெழுத்தே. வெண்புநாட்டுக் குறண்டி அட்டோபவாசி படாரரின் மாணாக்கர் குணசேனதேவர். அவருடைய மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள், குயிற்குடி ஊரார் பேரால் இத்திருமேனியைச் செய்வித்தாராம். அந்தக் குறண்டி வேறெங்குமில்லை. நம் காரியாபட்டிப் பக்கத்துக் குறண்டிதான். ஆயிரமாண்டுகளுக்கு முன் இவ்வறண்ட சீமையிலிருந்த திருக்காட்டாம்பள்ளி, மாணாக்கரைப் பயிற்றி மதுரை மலைகளுக்கு அனுப்பியது. சிலை செய்வித்தவர் ஊரார் பேரை முன்வைத்தார். இன்று பாறையிற் கரியால் தம் பேரைக் கிறுக்குவோர் இதைப் படித்ததில்லை போலும்.

அப்பள்ளி இன்றில்லை. அதன் பெயரை, திருச்சுழியருகே பள்ளிமடத்துச் சிவன்கோவிற் கல்வெட்டுக்களிற் காணலாம். அங்கும் ஒருநாள் போய் வரலாம். மல்லாங்கிணற்றிலிருந்து அதிக தூரமில்லை.