புதுச்சேரியில மிச்சம் பிடிச்ச காசை பிரீமியம் பெட்ரோல்ல விடுறீங்களா?



2025 ஜனவரியில் வாட் வரி கூடின பிறகும், புதுச்சேரியில் பெட்ரோல் விலை தமிழ்நாட்டை விடக் குறைவுதான். அதனாலதான் கடலூர், திண்டிவனம் போறவங்க முள்ளோடை, கோரிமேடு தாண்டுறதுக்கு முன்னாடியே டேங்க்கை நிரப்பிடுறாங்க. ஆனா பங்க்ல "பிரீமியம் போடட்டுமா சார், பிக்கப் நல்லா இருக்கும்"னு கேட்டதும் தலையாட்டினா, மிச்சமான காசு அங்கேயே போயிடும்.

95ன்னா என்ன?

எக்ஸ்பி95, பவர்95 பெயர்ல இருக்குற 95, ஆக்டேன் எண். இது சக்தியின் அளவு இல்ல. பிஸ்டன் அழுத்தும்போது, ஸ்பார்க் பிளக்ல இருந்து தீ பரவி வர்றதுக்குள்ள பெட்ரோல் தானா பத்திக்காம தாங்குற திறன். அப்படித் தானா பத்திக்கிட்டா இன்ஜின்ல 'டக் டக்'னு தட்டுற சத்தம் வரும். 91 ஆக்டேனுக்குன்னே வடிவமைச்ச இன்ஜின் தட்டாம ஓடும்போது, 95 போட்டாலும் பெருசா வித்தியாசம் தெரியாது.

இன்னொரு விஷயம். எத்தனாலோட ஆக்டேன் 100-க்கு மேல. அதனால 20% எத்தனால் கலந்த சாதா பெட்ரோலே இப்போ 95-ஐ நெருங்குதுன்னு 2025-ல் பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கு. ஆனா எத்தனால்ல லிட்டருக்கு ஆற்றல் சுமார் மூணுல ஒரு பங்கு குறைவு. மைலேஜ் கொஞ்சம் அடிவாங்க அதுவும் ஒரு காரணம். பிரீமியம்னாலே எத்தனால் இல்லைன்னு அர்த்தம் இல்ல.

கணக்கைப் பாருங்க

சாதா ரூ.100, பிரீமியம் ரூ.108ன்னு வெச்சுக்கலாம். மாசம் 40 லிட்டர் போட்டா கூடுதல் செலவு ரூ.320. வருஷத்துக்கு ரூ.3,840. இந்தக் காசு திரும்பி வரணும்னா, லிட்டருக்கு 15 கி.மீ. தர்ற கார் 16.2 கி.மீ. தரணும்.

யாருக்குத் தேவை?

மேனுவல்ல 95 போடச் சொல்லியிருந்தா கண்டிப்பா அதையே போடுங்க. சில டர்போ, ஹை-கம்ப்ரஷன் இன்ஜின்களுக்கு அது தேவை. பிரீமியத்துல சேர்க்குற கிளீனிங் கெமிக்கல் நல்லதுதான். ஆனா அதுக்காக ஒவ்வொரு தடவையும் டேங்க் ஃபுல் பண்ணணுமான்னு யோசிங்க.

சந்தேகம் இருந்தா ரெண்டு வகையையும் தலா மூணு டேங்க் போட்டு, ஃபுல் டேங்க் டூ ஃபுல் டேங்க் மைலேஜ் குறிச்சுப் பாருங்க. அதுக்கு முன்னாடி டயர்ல காத்து சரியா இருக்கா, ஏர் ஃபில்டர் சுத்தமா இருக்கான்னு பார்த்துடுங்க. மிச்சமாகுற ரூ.320-ஐ கார் இன்சூரன்ஸ் ரினியூவலுக்குன்னு மாசாமாசம் தனியா எடுத்து வைங்க!