செருப்புத் தோல் போட்ட பிரேக்!

மோட்டார் கார் ஓடுவது பெரிய காரியம் அல்ல. நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். அதுதான் பெரிய காரியம்!

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரே விநாடியில் சுமார் 17 மீட்டர் தூரம் பாய்ந்துவிடுகிறது. "ஐயோ, ஆடு!" என்று வாயைத் திறப்பதற்குள், ஆடு நின்ற இடத்தைக் கார் தாண்டிவிடும். கம்மாபுரத்துச் சாலையிலே ஆடும் வரும். கரும்பு டிராக்டரும் வரும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் சைக்கிளில் வருவார்கள்.

இவர்களை எல்லாம் காப்பாற்றுவது எது தெரியுமா? உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு துண்டு! அதன் பெயர் 'பிரேக் பேடு'.

சைக்கிளில் ரப்பர் கட்டை சக்கரத்தைப் பிடிக்கிறது அல்லவா? காரிலும் அதே கதைதான். முன் சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுழலுகிறது. தட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பேடு, அந்தப் பக்கம் ஒரு பேடு. காலால் மிதித்தவுடன் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும். இரண்டு பேடும் இடுக்கி போலத் தட்டைக் கவ்விக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் பேடு கொஞ்சம் தேயும். புதிதில் 10 மில்லி மீட்டர் அளவுக்கு இருப்பது 3 மில்லி மீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். பல கார்களில் அப்போது 'கிறீச்' என்ற சத்தமும் கேட்கும்.

கணவருக்குத் தெரியாமல்...

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண் என்றால் ஆச்சரியமாக இருக்கும்!

1888-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் செய்த காரை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். உடன் இரண்டு மகன்கள். மேன்ஹைம் நகரில் இருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, 100 கிலோ மீட்டருக்கு மேல் பயணம். மேட்டில் இறங்கும்போது மரத்தால் ஆன பிரேக் கட்டை தேய்ந்துபோயிற்று. அம்மையார் கலங்கவில்லை. வழியில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் சென்று, கட்டையின் மீது தோலை வைத்து அடிக்கச் சொன்னார். வண்டி நின்றது! இன்றைய பேடுக்கு அந்தத் தோல்தான் பாட்டி.

இப்போது தோல் இல்லை. பிற்காலத்தில் கல்நார் கலந்தார்கள். அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்று தெரிந்ததும் பல நாடுகள் கைவிட்டன. ஆனாலும், எந்தப் பேடாக இருந்தாலும் அதன் தூசை வாயால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள்.

நாமே மாற்றலாமா?

கம்மாபுரத்தில் ஓய்வு பெற்ற சுரங்கத் தொழிலாளி ஒருவர், வீட்டு வாசலிலேயே மாற்றுகிறார். பார்த்துக்கொண்டு நின்றேன்.

கார் சமதரையில் நின்றது. கை பிரேக்கை இழுத்தார். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். வீல் நட்டுகளைத் தரையிலேயே சிறிது தளர்த்திக்கொண்டார்; பிறகுதான் ஜாக்கி. கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் தள்ளினார். "ஜாக்கியை நம்பக் கூடாது தம்பி. அது நழுவினால் சக்கரம் தாங்கும்" என்றார். ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் தலையை நீட்டுவது, கிணற்றின் விளிம்பில் தூங்குவது போலத்தான்!

காலிப்பரின் கீழ்ப் போல்ட்டைக் கழற்றி, காலிப்பரை மேலே தூக்கினார். அது பிரேக் ஆயில் குழாயில் தொங்கிவிடாதபடி கம்பியால் கட்டினார். தேய்ந்த பேடு இரண்டும் வெளியே வந்தன. வெளியே வந்திருந்த பிஸ்டனை, கிளாம்ப் போட்டு மெள்ள மெள்ள உள்ளே தள்ளினார். அப்போது ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். வழிந்து பெயிண்டில் பட்டால் பெயிண்ட் போய்விடும். புதுப் பேடின் முகத்தில் கிரீஸ் கை படவே இல்லை. பட்டால் வழுக்கும். வழுக்கினால் கார் நிற்காது.

ஒரு சக்கரம் முடிந்ததும் மறு சக்கரத்துக்குப் போனார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால், பிரேக் போடும்போது கார் ஒரு பக்கமாக இழுக்குமாம்.

இரும்புத் தட்டில் ஆழமான கோடு விழுந்திருந்தாலோ, ஆயில் கசிந்தாலோ இவர் தொடுவதில்லை. நேரே மெக்கானிக்கிடம் போய்விடுகிறார். அவசரத்தில் வேலை கற்றுக்கொள்ளும் இடம் பிரேக் அல்ல என்பது என் கருத்தும்.

எல்லாம் பூட்டியாகிவிட்டது. மனைவியை உள்ளே உட்காரச் சொன்னார். என்ஜினைக் கிளப்பவில்லை.

"பிரேக்கை மிதி."

"என்னங்க! காலு அடியோட போகுதே!" என்று அந்த அம்மாள் கத்திவிட்டார்.

பிஸ்டனை உள்ளே தள்ளியதால் பேடு தட்டைத் தொடாமல் விலகி இருக்கிறது. முதல் மிதியில் பிரேக்கே கிடையாது! இதை மறந்து காரைக் கிளப்பியவர்கள்தான் சுவரில் போய் மோதுகிறார்கள்.

"பயப்படாதே. இன்னும் மிதி."

இரண்டு, மூன்று, நான்கு... ஐந்தாவது மிதியில் கால் பாதியிலேயே நின்றது.

"இப்ப கெட்டியா இருக்குங்க."

அவர் ஆயில் மட்டத்தை ஒரு முறை எட்டிப் பார்த்தார். பிறகு காரைக் கிளப்பி, ஆள் நடக்கும் வேகத்தில் தெருக்கோடி வரை போனார். நிறுத்தினார். மறுபடி போனார். மறுபடி நிறுத்தினார்.