காத்திருப்பு தீர்ந்த பிறகும் நிற்கும் கதை

இணையத்தில் தினம் ஒரு அத்தியாயமாக வரும் நாவலெல்லாம் இலக்கியத்தில் சேருமா என்று பலர் கேட்கிறார்கள். கேட்கும் தொனியிலேயே ‘சேராது’ என்ற பதிலும் பாதி இருக்கும். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் இரண்டு சந்தேகங்கள் பின்னிக் கிடக்கின்றன: தொடராக எழுதுவதைப் பற்றி ஒன்று, இணையத்தைப் பற்றி இன்னொன்று. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் தொடர். தமிழின் ஆரம்பகால நாவல்களில் ஒன்றான ‘கமலாம்பாள் சரித்திரம்’, 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்தது. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ சுதேசமித்திரனில் வந்த தொடர். ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற தலைப்பில் வெளியாகி, 1972-க்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. ருஷ்யாவில் ‘அன்னா கரீனினா’ கூட பத்திரிகைத் தொடர்தான். அதன் கடைசிப் பகுதியின் கருத்துகளைப் பத்திரிகை ஆசிரியர் கட்கோவ் ஏற்கவில்லை. 1877-இல் டால்ஸ்டாய் அந்தப் பகுதியைத் தனியாக அச்சிட்டு வெளியிட்டார். ஆகவே தொடராக வந்தது என்பதற்காக ஒரு நாவலைத் தள்ளிவைத்தால், நம் அலமாரியில் பாதி காலியாகிவிடும்.

அதற்காகத் தொடர் எழுத்துக்குத் தனிக் குணமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வாராவாரம் வந்தது. அதில் அத்தியாயங்கள் முடியும் இடங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். இருட்டில் ஓர் உருவம் தெரியும், எங்கிருந்தோ ஒரு குரல் கேட்கும், ஒரு கை தோளில் விழும். அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்து நிறுத்தச் செய்த வேலை அது. கதை முடிந்த பிறகும் வாசகர்களின் கேள்விகள் ஓயவில்லை. கல்கி ஒரு முடிவுரை எழுதி, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. இப்படி வாசகரின் ஆவலை நம்பி நடக்கும் எழுத்தை க.நா.சு. போன்ற விமர்சகர்கள் இலக்கியமாக ஏற்கவில்லை. அந்த வாதத்தில் சாரம் உண்டு. ஆவல் ஒரு கதையை நடத்திச் செல்லும். ஆழத்தை அது தராது.

இனி இணையம். இங்கே மாறியது இடைவெளி. வார இதழில் வாசகர் கடிதம் ஆசிரியரிடம் வந்து சேர்வதற்குள் அடுத்த அத்தியாயம் அச்சுக்குப் போயிருக்கும். இன்று ஒரு ‘யூடி’ (புதிய அத்தியாயம்) போட்ட பத்து நிமிடத்தில் கருத்துகள் வந்து குவிகின்றன. “நாயகி ஏன் இப்படி அழுதுகொண்டே இருக்கிறாள்?” “அவனை மன்னிக்காதீங்க சிஸ்!” இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் எழுத்தாளர் மறுநாள் அத்தியாயத்தைத் தொடங்குகிறார். கொடுமைக்காரனாக வரைந்த நாயகனுக்கு, வாசகர் முகம் சுளித்ததும் ஒரு சோகமான குழந்தைப் பருவம் முளைத்துவிடும். இருபது அத்தியாயத்தில் முடிய வேண்டிய கதை, வரவேற்பு இருக்கிறது என்பதற்காக அறுபதுக்கு இழுபடும். ஒருவர் தனியாக அமர்ந்து தன் பாத்திரத்தைப் பற்றி யோசிக்கும் நேரம் இங்கே சுருங்கிவிடுகிறது. இணையத் தொடரின் உண்மையான ஆபத்து இதுதான்.

அந்த ஆபத்தைத் தாண்ட முடியும் என்பதற்கு நம் மொழியிலேயே பெரிய சான்று இருக்கிறது. ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்று ‘வெண்முரசு’ எழுதத் தொடங்கினார். மகாபாரதத்தின் மறுஆக்கமான அது நாள்தோறும் ஓர் அத்தியாயமாக அவருடைய இணையதளத்தில் வெளியாகி, 2020 ஜூலையில் 26 நாவல்களாக நிறைவடைந்தது. வாசகர்கள் தினமும் கடிதம் எழுதினார்கள். ஆனாலும் குருக்ஷேத்திரப் போரை நெருங்கவே பதினேழு நாவல்கள் ஆயின. நான்காவது நாவலான ‘நீல’த்தில் கதையோட்டத்தை ஏறக்குறைய நிறுத்திவைத்து, பெரிதும் ராதையின் மனநிலையைக் கவிதைக்குப் பக்கத்தில் போகும் உரைநடையில் எழுதினார். அடுத்து என்ன நடக்கும் என்று பரபரப்பவர்களுக்கு அது இடம் தரவே இல்லை. தினமும் வெளியிட்டபடியே வாசகரின் அவசரத்துக்கு வளையாமல் எழுதலாம் என்பதை இது காட்டியது.

அப்படியானால் எதை வைத்துத் தீர்மானிப்பது? எனக்குத் தெரிந்த சோதனை எளிமையானது. தொடர் முடிந்த பிறகு, காத்திருப்பு எதுவும் இல்லாமல், முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். தினம் ஒன்றாகப் படித்தபோது உறுத்தாத திரும்பச் சொல்லல்கள் இப்போது கண்ணில் படும். திடுக்கிட வைத்த முடிச்சுகள் சும்மா அவிழும். அதன் பிறகும் ஒரு பாத்திரம் மனத்தில் தங்கி, வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னால் அது இலக்கியம். எங்கே வெளியானது என்பது பிறகு ஒரு பொருட்டே இல்லை.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சோதனைக்கே இணையத் தொடர்கள் பலவற்றுக்கு வாய்ப்புக் கிடைப்பதில்லை. வார இதழ்க் காலத்தில் தொடரின் பக்கங்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஓவியரின் படங்களும் ஓரத்து விளம்பரங்களும் அப்படியே இருக்க, பைண்டு செய்து வைத்தார்கள். அது கைமாறிக் கைமாறி அடுத்த தலைமுறைக்கும் போனது. இன்று பல தொடர்கள் முடிந்த சில நாட்களில் ‘லிங்க்’ எடுக்கப்படுகிறது. எழுத்தாளருக்கு அதிலிருந்துதான் வருமானம் வர வேண்டும், திருட்டுப் பிரதிகளின் பயமும் உண்டு என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மறுவாசிப்பு இல்லாமல் எந்தப் படைப்பும் இலக்கியமாக நிலைபெறுவதில்லை.

மறுவாசிப்பைப் போலவே விமர்சனமும் குறைவு. 2014-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்களில், அடுப்பு வேலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஃபோனில் தட்டச்சு செய்து நாவல் எழுதும் பெண்கள் ஏராளம். எந்தப் பத்திரிகை ஆசிரியரின் வாசலிலும் அவர்கள் காத்து நிற்கவில்லை. அவர்களில் பலருக்கு லட்சக்கணக்கில் வாசிப்புகள் கிடைக்கின்றன, விமர்சனம் கிடைப்பதில்லை. ரசிகர்கள் ‘சூப்பர்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள், விமர்சகர்கள் திரும்பியே பார்ப்பதில்லை. இவற்றில் இலக்கியம் இல்லை என்று சொல்லும் உரிமை, படித்துப் பார்த்தவருக்கே உண்டு. முடிந்த ஒரு தொடரை முழுதாகப் படியுங்கள். எந்த அத்தியாயம் வீண், எந்தப் பாத்திரம் உயிரோடு இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். க.நா.சு.வும் சி.சு. செல்லப்பாவும் அச்சில் வந்த கதைகளுக்குச் செய்த வேலை அது. இணையக் கதைகளுக்கு அதைச் செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.