தள்ளுவண்டி உங்களுடையது, அட்டை யார் பேரில் இருக்கிறது?



பூ, காய்கறி, மீன், இட்லி என்று தெருவோரம் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றும் உறுப்பினர்கள் நமது கூட்டமைப்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அண்மையில் ஒரு குழுக் கூட்டத்தில் பூ விற்கும் அக்கா ஒருவர் அழுதுவிட்டார். பேருந்து நிலையத்துக்கு வெளியே வைத்திருந்த பூக்கூடையை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். மறுநாள் நாங்களும் கூடப் போய்க் கேட்டோம். அதற்குள் பூ வாடிக் குப்பைக்குப் போயிருந்தது. "எடுத்த சரக்குக்குப் பட்டியல் வாங்கினீங்களா?" என்று அங்கிருந்த ஒருவர் கேட்டார். வாங்கவில்லை. அப்படி ஒரு பட்டியல் கேட்க வேண்டும் என்று நாங்களே இதுவரை எந்தக் குழுவிலும் சொல்லித் தரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை.

சட்டம் என்ன சொல்கிறது?

சாலையோர வியாபாரிகளுக்கான மத்திய அரசுச் சட்டம் 2014 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் நாம் மனதில் வைக்க வேண்டியவை இவை:

* ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.
* இடம் மாற்றுவதாக இருந்தால் 30 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும்.
* சரக்கை எடுத்தால் அதிகாரி கையெழுத்திட்ட பட்டியல் தர வேண்டும். உரிய கட்டணம் கட்டிக் கேட்டால், பூ, காய், மீன் போன்ற அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்ற பொருளுக்கு இரண்டு வேலை நாள் கெடு.

இதையெல்லாம் கவனிக்க ஊருக்கு ஊர் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். ஆணையர் அல்லது செயல் அலுவலர் அதற்குத் தலைவர். உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எந்தத் தெருவில் விற்கலாம், எங்கே கூடாது என்ற பேச்சு வரும்போது நம்மில் ஒருத்தி அந்த அறையில் இருக்க வேண்டாமா?

அட்டை யார் பேரில்?

கணக்கெடுக்க வந்த அன்று வண்டியருகே கணவரோ மகனோ நின்றிருப்பார். அவர் பேரை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். வெயிலில் உட்கார்ந்து விற்பது நாம், அட்டை அவர் பேரில். "அவர் பேர்ல இருந்தா என்னக்கா, ஒரே குடும்பம்தானே?" என்று நம் உறுப்பினர்களே கேட்கிறார்கள். அட்டை யார் பேரில் உள்ளதோ அவர் கணக்கில்தான் வங்கிக் கடன் வரும். விற்பனைக் குழுத் தேர்தலில் ஓட்டும் அவருக்கே. நாளைக்கு அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால், நம் கையில் ஒரு காகிதமும் இருக்காது.

வங்கிக் கடன் எப்படி?

பிரதமர் ஸ்வநிதி திட்டம் 2020 ஜூனில் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் தொகையை உயர்த்தி, 2030 மார்ச் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். முதல் தடவை 15,000 ரூபாய் வரை, அதை ஒழுங்காகக் கட்டினால் 25,000, பிறகு 50,000. அடமானம் எதுவும் கேட்கக் கூடாது. கணக்கெடுப்பில் விடுபட்டவர்களும், பக்கத்துக் கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து விற்பவர்களும் நகராட்சியில் பரிந்துரைக் கடிதம் வாங்கி விண்ணப்பிக்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் 900 ரூபாய் கையில் வாங்கி மாலையில் 1,000 கொடுக்கிறோம். நாளுக்கு 100 ரூபாய், 25 நாளில் 2,500 ரூபாய் வட்டிக்கே போகிறது. வங்கியில் 15,000 ரூபாயை 12 சதவீத வட்டிக்கு வாங்கி 12 மாதத் தவணையில் கட்டினால், வருடம் முழுவதற்கும் வட்டி சுமார் 1,000 ரூபாய்தான். தவணை மாதம் 1,333 ரூபாய் வரும். தவறாமல் கட்டுகிறவர்களுக்கு 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் திரும்ப வரும். ஆனால் ஒன்று, இதுவும் கடன்தான். இதை வாங்கிப் பழைய கடனை அடைத்துவிட்டு, மறுபடியும் காலைக் கடனுக்குப் போனால் இரண்டு சுமை ஆகிவிடும்.

நாம் செய்ய வேண்டியது

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர் இதை வாசித்துக் காட்டட்டும். தெருவோரம் விற்கும் உறுப்பினர் யார், அட்டை யார் பேரில், அட்டையே இல்லாதவர் யார் என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். அட்டை இல்லாதவர்கள், தாங்களே விற்றும் பேர் சேராதவர்கள் எல்லோரும் சேர்ந்து நகர விற்பனைக் குழுவுக்கு மனு கொடுப்போம். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்க மறக்காதீர்கள்.

அந்த அக்காவுக்குப் பூவின் காசு திரும்பி வரவில்லை. ஆனால் முதல் மனு அவருடையதுதான். அவரே தன் கையால் கையெழுத்துப் போட்டார்.