வளையும் கவசம்

இரும்பு மாதிரி தெரிகிறதே, அது ரப்பர் பால். கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் பால் வெட்டும்போது சிரட்டையில் வடிகிற அதே பால்.

மார்புத்தகடு விறைப்பாக இருக்கலாம். தோளும் முழங்கையும் வளைய வேண்டும்; இல்லாவிட்டால் பக்கத்துச் சான் ஹோசேயில் மே மாதக் கடைசியில் நடக்கும் ஃபானிமேகான் அனிமே விழாவுக்கு இதைப் போட்டுக்கொண்டு போகிறவரால் காரில் உட்காரக்கூட முடியாது. சான்டா கிளாராவில் இதற்குக் கராஜ்தான் பட்டறை. கதவைத் திறந்துவைப்பது நல்லது: பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அமோனியா மூக்கை எரிக்கும்.

பிளாஸ்டர் அச்சு நிறைய லேடெக்ஸை, அதாவது இந்த ரப்பர் பாலை, ஊற்றினால், பிளாஸ்டர் நீரை உறிஞ்ச, சுவரோரம் தோல் போலப் படலம் கட்டும். தடிமன் போதுமென்றதும் மிச்சத்தைத் திரும்ப ஊற்றிவிடலாம். உரிக்கும்போது டால்கம் பவுடர் தூவ மறந்தால் ரப்பர் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும், பிரிப்பது பெரும்பாடு.

நிறம்தான் ஏமாற்றுக்காரன். ஈரத்தில் வெளிறித் தெரியும் சாம்பல், காய்ந்ததும் பாலின் வெண்மை போய்க் கறுக்கும். மேலே வெறும் அக்ரிலிக் பூசினால் வளையும் இடத்தில் வெடித்து உதிரும். சாயத்தை லேடெக்ஸிலேயே குழைத்துப் பூசுவார்கள். விளிம்பின் பொன்னிறம் மைக்கா பொடி. பித்தளைப் பொடி இதைவிட மினுக்கும், ஆனால் அதிலுள்ள செம்பு ரப்பரைக் கெடுத்துவிடும்.



ரப்பருக்கு வெயிலும் விரல் எண்ணெயும் ஆகாது, அதனால்தான் கண்ணாடிப் பெட்டி. வலப்பக்கம் தொங்கும் துண்டை வளைத்துப் பாருங்கள்.