பூட்டிய மன்றமும் திறந்த தெருவும்: கொழும்பு 2018 நமக்குக் கற்பிப்பது

2018 அக்டோபர் 24 அன்று கறுப்பு உடை அணிந்த மலையக இளைஞர்கள் கொழும்பு காலிமுகத் திடலில் பெருந்திரளாகக் கூடினர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. அப்போது கிடைத்துவந்தது 500 ரூபாய். இரண்டே நாளில் அந்தக் கோரிக்கையைக் கேட்க வேண்டிய அரசே நிலைகுலைந்தது. அக்டோபர் 26 இரவு அதிபர் மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். மறுநாள் நாடாளுமன்றம் நவம்பர் 16 வரை முடக்கப்பட்டது.

முடக்கம் வேறு, கலைப்பு வேறு

நாடாளுமன்றத்தை ஒத்திவைக்கும் அதிகாரம் இலங்கை அதிபருக்கு உண்டு; அது இரண்டு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே அக்டோபர் 27 ஆணை, எழுத்தளவில் சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் அதன் நோக்கம் வேறு. யாருக்குப் பெரும்பான்மை என்பதை 225 உறுப்பினர்கள் கொண்ட அவையில் எண்ணிப் பார்க்கவிடாமல், உறுப்பினர்களைத் தம் பக்கம் இழுப்பதற்குக் கால அவகாசம் தேடுவதே அது.

எண்ணிக்கை கூடவில்லை. நவம்பர் 9 அன்று அதிபர் நாடாளுமன்றத்தையே கலைத்தார். இங்கேதான் சட்டமீறல் வெளிப்படையானது. 2015-இல் நிறைவேறிய 19-ஆவது திருத்தத்தின்படி, நாடாளுமன்றம் கூடி நான்கரை ஆண்டுகள் ஆகும்வரை, அவையே மூன்றில் இரு பங்கு பெரும்பான்மையால் கோரினாலன்றி, அதிபர் அதை அப்போது கலைக்க இயலாதிருந்தது.

தெரு கேட்டது என்ன?

அக்டோபர் 30 அன்று அலரி மாளிகை அருகே ஆயிரக்கணக்கானோர் திரண்டு, நாடாளுமன்றத்தைக் கூட்டு என்றனர். அது ரணில் கட்சியின் கூட்டம் எனலாம். ஆனால் கொள்ளுப்பிட்டியில் எக்கட்சிக் கொடியும் இன்றிக் கூடிய குடிமக்களை அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது. ரணிலின் ஆட்சியை விமர்சித்துவந்தோரும் அங்கே நின்றனர். பிரதமர் யார் என்பதை எண்ணிக்கை முடிவு செய்யட்டும். எண்ணும் இடத்தைப் பூட்டாதே என்பதே அவர்களின் நிலை.

அரசமைப்பு வழிகள் திறந்திருக்கும்போது தெருப் போராட்ட முறைகளைக் கைவிட வேண்டும் என்று 1949 நவம்பர் 25 அன்று அண்ணல் அம்பேத்கர் அரசமைப்பு அவையில் எச்சரித்ததை நாம் அறிவோம். ஒவ்வொரு போராட்டத்தின்போதும் அதை நம்மீதே ஏவுவோர் உண்டு. ஆனால் அந்த எச்சரிக்கையின் முற்பாதி ஒரு நிபந்தனை: வழி திறந்திருக்க வேண்டும். கொழும்பில் கூடியோர் அரசமைப்புக்கு வெளியே எதையும் கேட்கவில்லை. அடைக்கப்பட்ட அரசமைப்பு வழியைத் திறக்கவே கேட்டனர்.

தெருவோடு நீதிமன்றமும் இயங்கியது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இரா. சம்பந்தன் உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளில், நவம்பர் 13 அன்று கலைப்புக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றனர். அதிபருக்கு உள்ள பொதுவான அதிகாரத்தைக் காட்டி, அரசமைப்பு தெளிவாக இட்ட வரம்பைத் தாண்ட முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். டிசம்பர் 16 அன்று ரணில் மீண்டும் பதவியேற்றார். நெருக்கடி ஏழு வாரங்களில் முடிந்தது.

விலக்கப்பட்டோர் ஏன் காக்க வேண்டும்?

இக்கேள்வியை மலையக மக்களின் இடத்தில் நின்று கேட்போம். தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களின் குடியுரிமையை 1948-இலும் வாக்குரிமையை 1949-இலும் பறித்தது இதே நாடாளுமன்றம்தான். 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களைக் கேட்காமலேயே 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. அத்தகைய அவை பூட்டிக் கிடந்தால் அவர்களுக்கு என்ன நட்டம்?

நட்டம் உண்டு. பறித்த சட்டத்தை மாற்ற மீண்டும் சட்டமே தேவைப்பட்டது. நாடற்றோராய் எஞ்சியோர்க்குக் குடியுரிமை தந்தவை 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்கள். செல்வரும் ஆதிக்க சாதியினரும் அவை இல்லாமலே அமைச்சரைச் சந்திப்பர், அதிகாரியிடம் காரியம் முடிப்பர். அந்தச் செல்வாக்கு இல்லாதவர்களுக்கு, தம் வாக்குக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட பிரதிநிதி ஒருவரே எஞ்சுகிறார். அவை முடங்கினால் முதலில் குரல் இழப்போர் அவர்களே.

நம் ஊர் மன்றங்கள்

கொழும்பைப் பற்றிப் பேசும் நாம் நம் ஊரையும் பார்க்க வேண்டும். 73-ஆவது திருத்தம், ஊராட்சியின் ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கக் கட்டளையிடுகிறது. ஆயினும் தமிழகத்தில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபின், ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. எஞ்சிய 9 மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. அந்த 27 மாவட்டங்களில் ஒன்று நம் திருவள்ளூர். 2025 ஜனவரி 5 அன்று அங்கெல்லாம் மீண்டும் பதவிக்காலம் முடிந்தது. மீண்டும் தேர்தல் இல்லை. திருவாலங்காடு ஒன்றியம் உட்பட எங்கும் தனி அலுவலர்களே நியமிக்கப்பட்டனர்.

இதில் நாம் இழப்பது சிறிதன்று. சுடுகாட்டுப் பாதை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு என நம் காலனிகளின் அன்றாடக் கோரிக்கைகள் முதலில் சேருமிடம் ஊராட்சி. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் நாற்காலியும் ஓர் உரிமை. அதற்காகவே 1997-இல் மேலவளவு முருகேசன் தம் தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்தாண்டுகள் அந்த நாற்காலியைச் சாதி முடக்கியது. 2006-இல்தான் அது மீண்டது. சாதி செய்தபோது அதைக் கொடுமை என்று எதிர்த்த நாம், தேர்தலைத் தள்ளி அரசு செய்யும்போது நிர்வாகக் காரணம் என்று ஏற்கலாமா?

கொழும்பு மக்கள் ஏழு வாரம்கூடப் பொறுக்கவில்லை. நாமோ மூன்றாண்டுகளுக்கும் மேல் பொறுத்தோம். தனி அலுவலர் காலத்திலும் கிராம சபை கூடுகிறது. தேர்தல் எப்போது என்று அங்கே கேட்போம். கேள்வியைத் தீர்மானமாக்குவோம். அதன் நகலைக் கையில் வாங்குவோம். நாளை தெருவிலும் நீதிமன்றத்திலும் நமக்கு அதுவே முதல் ஆவணம்.